பாதீட்டு நெறி: தொறுப்பூசல் முதல் இணைய விளையாட்டுக் குழு வரை

பலர் கூடி உழைத்து ஈட்டிய பொருள் கூறுபோடத்தக்கதாக இருப்பின், அதைப் பங்கிடுவதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. நெல்லாயின் மரக்கால் கொண்டு அளந்துவிடலாம், பணமாயின் எண்ணிக் கொடுத்துவிடலாம். பொருள் ஒன்றேயாகவும், உரிமை கோருவோர் பலராகவும், அப்பொருள் வெட்டினால் பயனற்றுப் போவதாகவும், ஒருவர் கைக்குச் சென்றபின் மற்றொருவருக்கு மாற்றவே இயலாததாகவும் இருக்கும்பொழுதுதான் நியாயத்துக்கு உண்மையான பரீட்சை ஏற்படுகிறது. அப்பரீட்சையை இன்று இரவுதோறும் சந்தித்துக்கொண்டிருப்பவர்கள், இணையத்தின் வழியே ஒன்றுகூடி விளையாடும் குழுக்களைச் சேர்ந்தவர்கள். ‘கில்டு’ எனப்படும் அக்குழுக்கள் பத்து, இருபத்தைந்து, சில விளையாட்டுகளில் நாற்பது பேர் கொண்ட படையாகத் திரண்டு, ‘ரெய்டு’ என்னும் கூட்டுத் தாக்குதலை மணிக்கணக்கில் நடத்திப் பெரும்பகை ஒன்றை வீழ்த்துகின்றன. வீழ்ந்ததனிடமிருந்து கிடைக்கும் வாளோ கவசமோ யாருக்கு என்னும் கேள்வி அந்தக் கணத்திலேயே எழுந்து நிற்கிறது. இக்கேள்விக்கு விடையாகக் கடந்த கால் நூற்றாண்டில் அவர்கள் வகுத்துக்கொண்ட முறைகள், பொருளியல் அறிஞர்களும் ஊன்றிப் படிக்கத்தக்க நுட்பம் வாய்ந்தவை. அவற்றை ஆராய்ந்து, எம்முறை எச்சூழலுக்கு நியாயமானது என்று துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்பெண்ணைக் கரையின் சாட்சியம்

இவ்வாராய்ச்சியைக் காவேரிப்பட்டினத்திலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. தென்பெண்ணையாற்றின் கரையில், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றிய பிரதேசம், பண்டைக் காலத்தில் ஆநிரைப் பூசல்களின் களமாக விளங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் ஆகிய பகுதிகளில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் காணப்படும் நடுகற்களுள் மிகப் பல, பகைவர் கவர்ந்த தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போராடி மாண்டவர்களுக்கும், தொறுவைக் கவரச் சென்று மாண்டவர்களுக்கும் எடுக்கப்பட்டவை. 1970-களின் தொடக்கத்தில் தமிழகத் தொல்லியல் துறை செங்கம், தருமபுரி வட்டாரங்களின் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தேடிப் படியெடுத்து நூல்களாக வெளியிட்டபின், பல்லவர் காலத்து எழுத்துகளைத் தாங்கிய இக்கற்களின் பெருமையை நாடு அறிந்தது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இவ்வகைக் கற்களைக் காணலாம்.

மாட்டு மந்தையே செல்வமாக இருந்த காலத்தில், அம்மந்தையைக் கவர்வது ஒரு கூட்டு முயற்சி. அதை மீட்பதும் கூட்டு முயற்சியே. வேவு பார்ப்பவன், வழி காட்டுபவன், முன்னணியில் நிற்பவன், பின்தொடரும் பகையைத் தடுப்பவன், மந்தையைக் கலையாமல் ஓட்டி வருபவன் எனப் பலருடைய தொழில்கள் ஒன்றோடொன்று இணைந்தால் அன்றி அது கைகூடாது. ஆகவே, ஊர் திரும்பியபின் அம்மந்தை யார்யாருக்கு எவ்வளவு என்னும் கேள்வி அவர்களையும் எதிர்கொண்டது. நம் இலக்கண ஆசிரியர்கள் அதற்கு ஒரு தனித் துறையே வகுத்தார்கள். அதன் பெயர் பாதீடு.

தொல்காப்பியப் புறத்திணையியல், நிரை கவர்தலைப் பொருளாகக் கொண்ட வெட்சித் திணைக்குப் பதினான்கு துறைகளை வரிசைப்படுத்துகிறது. படை எழும் ஆரவாரத்தில் தொடங்கி, நற்சொல் கேட்டல், புறப்பாடு, வேவு, பகைவரின் ஊரைச் சூழ்தல், ஆவைக் கொள்ளுதல், எதிர்த்து வருவாரை விலக்குதல், ஆவுக்கு நோவு நேராமல் செலுத்துதல் எனத் தொடரும் அவ்வரிசையில், கவர்ந்த நிரையைத் தம் ஊரில் கொணர்ந்து நிறுத்துவது பதினோராவது, பாதீடு பன்னிரண்டாவது, உண்டாட்டு என்னும் களிப்பு விருந்து பதின்மூன்றாவது. இவ்வரிசை முறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பங்கீடு, வழியில் அவசர அவசரமாக நடைபெறுவதன்று. ஊரார் அனைவரும் காணும் இடத்தில் மந்தை முழுவதும் நிறுத்தப்பட்டபின் நடைபெறுகிறது. கள்ளும் களிப்பும் அறிவை மயக்குவதற்கு முன்பே அது நடந்து முடிகிறது. யாவரும் காணவும் தெளிந்த மனத்தோடும் பங்கிட வேண்டும் என்னும் இரு நியதிகள் துறைகளின் வைப்பு முறையிலேயே அடங்கியுள்ளன.

பிற்காலத்து நூலாகிய ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதனை மேலும் விரித்துரைக்கிறது. அவரவர் செய்த வினையை அறிந்து அதற்கேற்ப நிரையைக் கொடுப்பதே பாதீடு என்பது அந்நூலின் கருத்து. அத்தோடு அது நிற்கவில்லை. பகைப்புலத்தின் நிலையை முன்னதாக ஒற்றி அறிந்துவந்து சொன்னவர்களுக்குப் படையினர் தாம் பெற்றதிலும் மிகுதியாகக் கொடுத்துச் சிறப்பிப்பதைப் புலனறி சிறப்பு என்னும் தனித் துறையாகவும், புள் நிமித்தம் பிழையாமல் உரைத்தவர்களுக்குக் கொடுப்பதைப் பிள்ளை வழக்கு என்னும் மற்றொரு துறையாகவும் வைத்தது. வாளேந்திக் களத்தில் நின்றவனின் வீரம் எல்லார் கண்ணிலும் படும்; இருளில் தனியே சென்று வேவு பார்த்தவனின் உழைப்பு யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத உழைப்பு பங்கீட்டின்போது மறக்கப்பட்டுவிடும் என்னும் அச்சத்தால்தான் அதற்கென்று தனித் துறை வகுத்தார்கள் என்று கருதுவது பொருத்தமுடையது.

உயிரோடு திரும்பாதவனின் பங்கையும் அக்காலத்தவர் மறக்கவில்லை. பூசலில் மாண்ட வீரனின் குடும்பத்தாருக்கு நிலம் அளிக்கும் வழக்கம் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் அதனை உதிரப்பட்டி என்று வழங்குகின்றன. எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் அதுவே நெத்தருகொடகி எனப்பட்டது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், தென்பெண்ணைப் பள்ளத்தாக்கிலேயே உள்ள எடத்தனூரில் எடுக்கப்பட்ட நடுகல் ஒன்று, தொறுப்பூசலில் மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயின் செயலையும் பெயர் சொல்லிப் பதிவு செய்துள்ளது. உழைத்த எவ்வுயிரின் செயலும் கணக்கில் ஏறாமல் போகலாகாது என்னும் மனப்பான்மைக்கு இதனினும் சிறந்த சாட்சியம் வேண்டுவதில்லை.

பதவியை அளவுகோலாகக் கொண்ட பங்கீடு

வினையை அளவுகோலாகக் கொள்ளாமல் பதவியை அளவுகோலாகக் கொண்டால் பங்கீடு எவ்வாறு திரிந்துபோகும் என்பதற்கும் இப்பிரதேசத்தின் சரித்திரமே உதாரணம் தருகிறது. மைசூர்ப் போர்களின்போது பாரமகால் என்று வழங்கிய இந்நாடு அடிக்கடி கை மாறியது. 1767-இல் ஹைதர் அலி காவேரிப்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1799 மார்ச் மாதத்தில், ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் ஆங்கிலேயரின் பெரும்படை இராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்து, மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்தியது. கோட்டைக்குள் அகப்பட்ட செல்வம் பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்டது. அதனைப் பங்கிடுவதற்கென்று முகவர்கள் நியமிக்கப்பட்டனர். பதவிக்கு இவ்வளவு என்று விகிதமும் வகுக்கப்பட்டது. தலைமைத் தளபதி மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். அது ஒரு லட்சம் பவுனைக் கடந்த தொகை. மதிலேறிய சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குப் பத்துப் பவுனும் கிட்டவில்லை. இந்தியச் சிப்பாய்க்கு அதனினும் குறைவாகவே கிட்டியது. தளபதி எடுத்துக்கொண்டது உரிய விகிதந்தானா என்னும் வழக்கு பின்னர்ப் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

அப்பங்கீட்டில் மிக வருந்தத்தக்க நிகழ்ச்சி, திப்பு சுல்தானின் சிம்மாசனத்துக்கு நேர்ந்த கதி. பொன் தகடு போர்த்த அந்த அரிய வேலைப்பாடு ஒருவருக்குக் கொடுக்கவும் முடியாமல், முழுமையாக விற்கவும் வழியின்றி, பங்கிடுவதற்காகத் துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அதனை முழுமையாகக் காக்க விரும்பியும் காலம் கடந்துவிட்டது. புலித் தலையும் ஹுமா பறவையும் இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளன, சிம்மாசனம் இல்லை. பிரிக்க முடியாத பொருளுக்கு முன்னதாகவே ஒரு விதி வகுத்துவைக்காத கூட்டம், அப்பொருளையே அழித்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

விளையாட்டுக் களத்தின் இயல்பு

இனி நம் காலத்துக்கு வருவோம். 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆகிய விளையாட்டுகளே ரெய்டு என்னும் கூட்டுப் போரைப் பெருவழக்காக்கின. பின்னதன் தொடக்க காலத்துப் போர்க்களமாகிய மோல்டன் கோருக்கு நாற்பது பேர் வேண்டும். பகைவனின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ‘டேங்க்’, காயம்பட்டவரைக் குணப்படுத்தும் ‘ஹீலர்’, தாக்குதல் தொடுப்போர் என மூவகைத் தொழில்கள் உண்டு. ‘பாஸ்’ எனப்படும் பெரும்பகை ஒன்று வீழ்ந்தால் நாற்பது பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும் சிறந்த உருப்படிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றை எடுத்தவருடனேயே அவை பிணைந்துவிடுமாதலால் பின்னர் விற்கவோ கைமாற்றவோ இயலாது. அக்களத்தை வாரத்துக்கு ஒரு முறைதான் வெல்ல முடியும் என்பது விதி.

இந்நிலையில் ஓர் இரவை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஹீலர்களுக்குரிய தண்டாயுதம் ஒன்று கிடைக்கிறது. மூன்று பேர் அதனை விரும்புகின்றனர். ஒருவர் குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாரமும் தவறாமல் வருபவர். ஆனால் சென்ற வாரந்தான் ஒரு நல்ல பொருள் பெற்றவர். மற்றொருவர் குழுவில் சேர்ந்து ஒரு மாதமே ஆனவர். அவர் கையில் இருப்பதோ மிகப் பழைய ஆயுதம், ஆகவே இதனால் குழுவுக்கு மிகுதியான பயன் அவர் மூலமே விளையும். மூன்றாமவர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோரைப் போல வாரம் மாறும் ஷிப்டில் உழைப்பவர். இரவு ஷிப்டு வரும் வாரங்களில் அவரால் வர இயலாது, வரும் வாரங்களில் அவரைப்போல் ஆடுவார் இல்லை. சேவையின் நீட்சி, தேவையின் மிகுதி, திறமையின் சிறப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே நியாயமான உரிமைகளே. இவற்றுள் எதற்கு முதலிடம் என்று ஒவ்வொரு முறையும் வாதாடத் தொடங்கினால் குழு ஒரு மாதமும் நிலைக்காது.

முறைகளின் பரிசீலனை

இதற்கு மிக எளிய தீர்வு குலுக்கல். விரும்புவோர் ஒவ்வொருவரும் ஒன்று முதல் நூறு வரையிலான எண்ணைக் கணினிப் பகடையால் உருட்ட, உயர்ந்த எண் பெற்றவர் பொருளை எடுத்துக்கொள்வார். அப்பொருள் உண்மையில் தேவைப்படுவோர் முதலில் உருட்டுவதும், அவர்கள் இல்லையேல் பிறர் உருட்டுவதும் வழக்கம். தகுதியை முதலில் வடிகட்டிவிட்டு எஞ்சியதை அதிர்ஷ்டத்துக்கு விடும் இம்முறை தமிழருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பிரமதேயச் சபையின் வாரியங்களுக்கு நிலம், வயது, கல்வி முதலிய தகுதிகளைக் கடந்தவர்களின் பெயர்களை மட்டுமே குடத்திலிட்டு, எழுத்து வேற்றுமை அறியாத சிறுவனைக் கொண்டு சபையோர் காண ஓலை எடுப்பித்ததையும், முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்களை விலக்கியதையும் விவரிக்கின்றன. இறுதியாகச் சொன்ன விலக்கு விதி மிக முக்கியமானது. இன்றைய விளையாட்டுக் குலுக்கலில் அது பெரும்பாலும் இல்லாமையால், ஒருவரே மூன்று முறை பெறுவதும் மற்றவர் முப்பது வாரம் வெறுங்கையோடு திரும்புவதும் நிகழ்கின்றன. ஒரே இரவுக்காகக் கூடும் அந்நியர்களுக்குக் குலுக்கலே தக்கது. ஆண்டுக்கணக்கில் கூடியிருப்போருக்கு அது போதாது.

அக்குறையை நீக்க எழுந்ததே டிகேபி என்னும் புள்ளி முறை. எவர்குவெஸ்ட் காலத்தில், 1999-இல், ஆஃப்டர்லைஃப் என்னும் குழுவுக்காகத் தாட் என்ற புனைபெயருடைய ஆட்டக்காரர் இதனை வகுத்தார். ரெய்டில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் புள்ளிகள் வரவு வைக்கப்படும். பொருள் எடுப்பவர் கணக்கிலிருந்து அதன் விலை கழிக்கப்படும். அரசாங்கமும் வங்கியும் இன்றி, ஏட்டில் மட்டுமே நிலவும் ஒரு நாணயத்தை இளைஞர் குழுக்கள் தாமே ஆக்கிக்கொண்டமையால், எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, ஜோஷுவா ஃபேர்ஃபீல்டு ஆகியோர் 2007-இலும், கிறிஸ்டா-லீ மலோன் 2009-இலும் இதனை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டனர்.

ஆயினும் நாணயம் என்று வந்துவிட்டால் நாணயத்துக்குரிய நோய்களும் உடன் வருகின்றன. வாரந்தோறும் புதிய புள்ளிகள் பெருகிக்கொண்டே போக, எடுக்கத்தக்க பொருள்கள் குறைந்துகொண்டே போவதால் புள்ளியின் மதிப்பு வீழ்கிறது. பழைய உறுப்பினர் சிறு பொருள்களை எடுக்காமல் புள்ளிகளைக் குவித்துவைத்துப் பெரும்பொருள் வரும் நாளில் ஒரே வீச்சில் வென்றுவிடுகிறார். புதியவர் எத்தனை வாரம் உழைத்தாலும் அவரை எட்ட முடிவதில்லை. இதற்கு மாற்றாக வந்த சூன்யக் கூட்டு முறையில் புதிய புள்ளி உண்டாவதே இல்லை. இருபத்தைந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் 240 புள்ளி விலையுள்ள பொருளை எடுத்தால், அந்த 240 மற்ற இருபத்துநால்வருக்கும் ஆளுக்குப் பத்தாகப் பிரித்து வரவு வைக்கப்படும். பொருள் பெற்றவர், பெறாதவர்களுக்கு ஈடு செய்கிறார். பிரிக்க முடியாத வீடு போன்ற சொத்துகளை வாரிசுகள் பங்கிடுவதற்குப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் க்னாஸ்டர் கண்டதும், ஸ்டைன்ஹாஸ் 1948-இல் வெளியிட்ட கட்டுரையால் உலகறிந்ததுமான முறையின் சாரமும் இதுவே. மிகுதியாக மதிப்பவர் பொருளை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடு கொடுப்பது.

உழைப்பையும் பேற்றையும் இரு வேறு கணக்குகளாகப் பிரித்து, முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் விகிதத்தைக் கொண்டு முன்னுரிமையை நிர்ணயிக்கும் ஈபிஜிபி முறை இவையனைத்தினும் மேம்பட்டது என்பது என் துணிபு. 600 உழைப்புப் புள்ளியும் 200 பேற்றுப் புள்ளியும் உடையவரின் விகிதம் 3. 400 உழைப்பும் 100 பேறும் உடையவரின் விகிதம் 4. இரண்டாமவர் குறைவாக உழைத்திருப்பினும், உழைப்புக்கு ஒப்பக் குறைவாகவே பெற்றிருப்பதால் முதலில் எடுக்கும் உரிமை அவருக்கே. வாரந்தோறும் இரு கணக்குகளிலும் பத்து விழுக்காடு தேயும்படி விதிக்கப்படுவது உண்டு. அதனால் பழைய குவியல்கள் கரைகின்றன. வராத வாரத்தில் 600 என்பது 540 ஆகவும் 200 என்பது 180 ஆகவும் குறைந்தாலும் விகிதம் அதே மூன்றுதான். டிகேபி முறையில் தேய்மானம் வைத்தால், இரவு ஷிப்டுக்குச் சென்ற தொழிலாளி தன் சேமிப்பையே இழக்கிறார்; விகித முறையிலோ வந்தவர்கள் முன்னேறுகிறார்களேயன்றி அவர் நின்ற படியிலிருந்து கீழே தள்ளப்படுவதில்லை. மாறும் ஷிப்டில் உழைக்கும் இளைஞர்கள் மிகுந்த நம் தொழில் வட்டாரத்துக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று. மேலும், உழைப்புக் கணக்கில் வெற்றியை மட்டுமன்றி, பாஸ் வீழாத தோல்வி இரவுகளையும், இடம் போதாமையால் வெளியே காத்திருந்த நேரத்தையும், மருந்துகள் சேகரித்துத் தந்ததையும், உத்திகளை ஆராய்ந்து சொன்னதையும் பதியலாம். புலனறி சிறப்பை ஒரு துறையாக வைத்த நம் முன்னோரின் கருத்து இந்த ஏட்டில் மீண்டும் உயிர் பெறுகிறது.

சூயிசைடு கிங்ஸ் என்னும் வரிசை முறையில் புள்ளியே கிடையாது. எல்லார் பெயரும் ஒரு பட்டியலில் இருக்கும், பொருள் எடுத்தவர் பட்டியலின் அடிக்குச் செல்வார். எளியது, மறைக்க இடமில்லாதது; ஆனால் சிறு பொருளுக்கும் பெரும்பொருளுக்கும் ஒரே விலை என்பதால், நல்லது வரட்டும் என்று காத்திருப்போர் சிறு பொருள்களை வீணாக விட்டுவிடுகின்றனர். சபை முறையில் அநுபவமிக்க சிலர் கூடி, குழுவின் முன்னேற்றத்துக்கு யாரிடம் இப்பொருள் மிகுந்த பயன் தரும் என்று ஆலோசித்துக் கொடுக்கின்றனர். கடுமையான போட்டியில் ஈடுபடும் குழுக்கள் பல இதனையே விரும்புகின்றன. மனித விவேகத்துக்கு முழு இடம் தரும் முறை இது. அதே காரணத்தால் பட்சபாதத்துக்கும் முழு இடம் தருகிறது. சபையோர் தம் முடிவுகளையும் காரணங்களையும் எழுதி எல்லார்க்கும் காட்டினாலன்றி, சிம்மாசனத்தை உடைத்த முகவர்களிடமிருந்து அவர்களை வேறுபடுத்திக் காண்பது கடினம்.

ஏலச்சீட்டும் ஏல ரெய்டும்

ஜிடிகேபி என்னும் ஏல முறை தமிழ் வாசகர்க்கு விளக்கமின்றியே புரியும். ஏலச்சீட்டின் இலக்கணம் அதில் அப்படியே அமைந்துள்ளது. ஆளுக்கு 5,000 ரூபாய் வீதம் இருபது பேர் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், அவசரத் தேவையுள்ள ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 80,000 வரும். தள்ளிய 20,000-இல் சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக எஞ்சிய 15,000 ஆளுக்கு 750 ரூபாயாகக் கழிவு என்ற பெயரில் எல்லார்க்கும் திரும்பும். ஏல ரெய்டிலும் பொருளை விளையாட்டின் தங்க நாணயத்தால் ஏலம் எடுக்கின்றனர். சேர்ந்த தங்கத்தில் நடத்துபவரின் கமிஷன் போக எஞ்சியது கலந்துகொண்ட அனைவருக்கும் பிரிக்கப்படுகிறது. பொருள் கிட்டாதவரும் வெறுங்கையோடு போவதில்லை என்பது இதன் உயர்ந்த குணம்.

எனினும் இரண்டுக்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு ஒன்று உண்டு. சீட்டில் எல்லாரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு முறைதான் எடுக்க முடியும். ஆகவே கடைசி வரை பொறுத்திருப்பவர்க்கும் அவருடைய முறை தவறாமல் வருகிறது. ஏல ரெய்டில் அத்தகைய வரம்பு இல்லை. செல்வம் உள்ளவர் வாரந்தோறும் எடுத்துக்கொண்டே போகலாம். அச்செல்வமும் விளையாட்டில் உழைத்துச் சேர்த்ததாக இருக்க வேண்டியதில்லை. வெளியே மெய்யான பணம் கொடுத்துக் கள்ளத்தனமாகத் தங்கம் வாங்குவோர் பலர். உழைப்பை மதிப்பதற்காக எழுந்த பங்கீடு இவ்வாறு பணப்பையை மதிப்பதாக மாறிவிடுகிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸ்ஸார்டு நிறுவனம், சீசன் ஆஃப் டிஸ்கவரி என்னும் பதிப்பில் 2024 பிப்ரவரியிலிருந்து இம்முறையைத் தடைசெய்தது. சீட்டு விஷயத்திலும் கட்டுப்பாடின்றி விட்டால் கேடு விளையும் என்பதை நாடு பட்டறிந்தே 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றியது. சீட்டைப் பதிவு செய்வதும், நடத்துபவர் ஜாமீன் வைப்பதும், ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் எழுதிப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் அதன்படி கட்டாயம். 5 விழுக்காடாக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019-இல் 7 ஆக உயர்த்தப்பட்டதேயன்றி, வரம்பு என்பது நீக்கப்படவில்லை.

மனிதரை விலக்கிய பரிசோதனை

பங்கிடும் அதிகாரத்தைப் பெற்ற தலைவரே பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதனை ‘நிஞ்சா’ வேலை என்பர். இத்தகைய புகார்களுக்கு முடிவு கட்டக் கருதிய பிளிஸ்ஸார்டு நிறுவனம், 2018-இல் பங்கிடும் அதிகாரத்தைக் குழுக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பொருள் யாருக்கு என்பதைக் கணினியே தனித்தனியாகத் தீர்மானித்து நேரே அவரவர் கையில் கொடுத்தது. வஞ்சனைக்கு இடமில்லாத ஏற்பாடுதான். ஆயினும் தனக்குப் பயன்படாத பொருளைப் பக்கத்தில் நின்று போராடிய தோழருக்குக் கொடுக்க விரும்பியபோதும் பல சமயங்களில் விதிகள் இடம் தரவில்லை. நீண்ட நாள் அதிருப்திக்குப் பின், 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட் பதிப்போடு ரெய்டுகளில் குழுப் பங்கீடு திரும்பிவந்தது. பாதீட்டுக்குப் பின் கொடை என்னும் துறையையும் வைத்த தொல்காப்பியரின் வரிசை இங்கே நினைவுகூரத்தக்கது. பெறுவதோடு கொடுப்பதற்கும் உரிமை வேண்டும் என்று மனிதர் விரும்புகிறார்கள். அவ்வுரிமையைப் பறிக்கும் ஏற்பாடு எவ்வளவு நேர்மையானதாயினும் கூட்டுறவை வளர்ப்பதில்லை.

முடிவு

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகளைத் துணியலாம். எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை. ஓர் இரவுக்குக் கூடும் அந்நியர்க்குக் குலுக்கலும், நெடுநாள் கூடியிருக்கும் குழுவுக்கு விகித முறையும், ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுவுக்குக் காரணங்களை வெளியிடும் சபை முறையும் தக்கவை. வெளிப்பணம் புகாதபடி காக்க முடியுமாயின் அன்றி ஏல முறையை ஏற்பது நன்றன்று. எம்முறையாயினும் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். விதி பொருளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பொருளைக் கண்டபின் வகுக்கும் விதியில் ஒவ்வொருவரின் ஆசையும் கலந்துவிடும். கணக்கு யாவரும் காண இருக்க வேண்டும். தலைவரின் நேர்மையில் ஐயமில்லாத காலமே அதை எழுதிவைப்பதற்கு உகந்த காலம். கண்ணில் படாத உழைப்புக்கும், வர முடியாமற் போனவரின் பழைய உழைப்புக்கும் ஏட்டில் இடம் இருக்க வேண்டும்.

விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் இதனைப் புறக்கணிப்பது சரியன்று. கூட்டாக ஈட்டியதை நியாயமாகப் பகிரும் பழக்கம், தொழிற்சங்கத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் குடும்பச் சொத்துக்கும் வேண்டப்படும் அதே பழக்கந்தான். அதனை இருபது வயதில், இழந்தால் வாழ்வு கெடாத ஒரு களத்தில் பயில்வது பெரும் நன்மை. ஆகவே, குழு நடத்தும் இளைஞர்கள் அடுத்த ரெய்டுக்குப் புறப்படுமுன் தங்கள் பங்கீட்டு விதியை ஒரு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி, எல்லாரும் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே களத்தில் இறங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.